உளுந்தூர்பேட்டையில் நின்ற முடிவு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் வெளிவாசலை ஒட்டி அப்பா பத்திரிகைக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, முன்னால் சாய்வாக ஒரு பலகை, மேலே தகரம். விழுப்புரத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கூரையில் பேப்பர் கட்டுகள் வரும். வியாழக்கிழமைகளில் அவற்றோடு வார இதழ்களும் வரும். அன்றைக்குக் கட்டைப் பிரித்ததும் அப்பா ஒரு இதழை உருவி, தொடர்கதைப் பக்கத்தைத் திறந்து, நின்றபடியே படித்து முடிப்பார். அதுவரை யார் என்ன கேட்டாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

படித்த பிறகுதான் வியாபாரம். அதுவும் கதை சொல்லித்தான்.

"இந்த வாரம் இன்னா ஆச்சிண்ணே?" என்று கேட்பார்கள்.

"பொண்ணு மாடிப்படி எறங்கி வர்றா. கீழ யாரு நிக்கறா?"

"யாரு?"

"உள்ள இருக்குது. வாங்கிக்கினு போயி படி."

பாதிக்கு மேல் அவர் சொன்னதே இல்லை.

விற்காமல் மிஞ்சும் இதழ்களை முழுதாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மேலட்டையைக் கிழித்து அனுப்பினால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். மொட்டையாக மிஞ்சுகிறவை அப்பா மாதிரி ஏஜெண்டுகளுக்கே. மற்ற ஊர்களில் அவை எடைக்குப் போயின. அப்பா அவற்றிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து வாரவாரம் சேர்த்துவைப்பார். கதை முடிந்ததும் கடைத்தெரு பைண்டரிடம் கொடுத்து, காலிக்கோத் துணியில் முதுகு வைத்த புத்தகமாக வாங்கிவருவார். பெட்டிக்குள் அப்படி ஒரு வரிசை இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் டீச்சர்கள், தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டுகள், மெடிக்கல் ஷாப்காரர் வீட்டம்மா என்று கேட்டவர்களுக்கெல்லாம் படிக்கக் கொடுப்பார். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் மாவட்டத்தில் சூடேறிக்கொண்டிருந்த வருடங்களில் ஒரு காதல் தொடர்கதை ஓடியது. ரைஸ் மில் முதலாளியின் மகள். அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும் ஓவிய ஆசிரியர். வேறு சாதி. எந்தச் சாதி என்று கதையில் எங்கும் வராது. "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று மில் முதலாளி ஒரு அத்தியாயத்தில் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அப்பா அந்தப் பெண்ணை அவளுடைய பெயரால் குறிப்பிட்டதில்லை. நம்ம பொண்ணு என்பார்.

"நம்ம பொண்ணு இந்த வாரம் அழுவுல. கெட்டிக்காரி."

"நம்ம பொண்ணு வூட்ல சொல்லப் போவுது பாரு. அடுத்த வாரம் சொல்லிடும்."

நான் அப்போது ஒரு நாளிதழுக்குக் கள்ளக்குறிச்சிப் பகுதி நிருபர். எழுதிய செய்தியை உறையில் போட்டு, மேலே 'பத்திரிகைச் செய்தி, அவசரம்' என்று எழுதி, விழுப்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். அப்பாவின் பெட்டி ஓரம்தான் என் அலுவலகமும். அதனால் இந்தப் பேச்செல்லாம் தினமும் என் காதில் விழுந்தது. எங்கள் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பா, நான், தங்கை.

தங்கை கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. திங்கட்கிழமை காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை மதியம் இறங்குவாள். அங்கேயே பள்ளிக் கட்டடத்தின் கோடியில் ஓர் அறை. அதே பஸ்ஸில் மலையிலிருந்து இன்னொருவரும் சனிக்கிழமைகளில் இறங்குவார். மலை ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர். மலையில் எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர். தங்கை முன்வாசல் வழியாக இறங்கி நேரே வீட்டுக்கு நடப்பாள். அவர் பின்வாசல் வழியாக இறங்கி எங்கள் கடைக்கு வந்து இதழ் வாங்குவார்.

அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும். தொடர்கதையை அவரோடு மட்டும் முழுதாகப் பேசுவார். அவர்தான் வியாழன் முதல் சனி வரை கதை தெரியாமல் காத்திருந்து, வாங்கி, கடை ஓரத்திலேயே படித்துவிட்டுப் பேசுகிறவர்.

"நீங்க சொல்லுங்க சார். அந்தப் பையன் மேல இன்னா தப்பு இருக்குது?"

"தப்பு ஒண்ணும் இல்லீங்க."

"படிச்சவன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பொண்ணுன்னா உசுரு. வேற இன்னா வேணும் அந்த மில்லுக்காரனுக்கு?"

"அதத்தாங்க நானும் கேக்கறேன்" என்பார் அவர். சிரிக்காமல் சொல்வார்.

ஒரே ஒருமுறை அப்பா எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வியைத் தொடங்கினார். "சாருக்கு எந்த ஊரு?"

"திருக்கோவிலூர் பக்கங்க."

"டவுனா?"

"இல்லீங்க. கொஞ்சம் தள்ளி."

மூன்றாவது கேள்வி வர வேண்டும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை. அதற்குள் சேலம் பஸ் வந்து, ஆட்கள் பேப்பர் கேட்டு மொய்த்துக்கொண்டார்கள். அப்பா அதற்கப்புறம் கேட்கவில்லை. கம்பவுண்டர் அந்த ஊரின் காலனியைச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தங்கை சொல்லித்தான் தெரியும்.

அவள் அதைச் சொன்னது வீட்டுக் கொல்லையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. கல்யாணம் செய்துகொள்வதாக இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போவது அவளுக்கு இஷ்டமில்லை. அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"எப்ப சொல்லப் போற?"

"கத முடியட்டும்ணா."

எனக்குப் புரியவில்லை.

"அந்தத் தொடர்கத. இன்னும் கொஞ்ச வாரந்தான். அப்பா முழுக்க அவ பக்கம் இருக்காரு. தெனம் நம்ம பொண்ணு நம்ம பொண்ணுன்றாரு. அவங்க சேந்துட்டாங்கன்னா அப்பா மனசு எப்படி இருக்கும்னு நெனச்சிப் பாரு. அன்னிக்கே சொல்லிடுவேன்."

"சேரலன்னா?"

"சேருவாங்க. இவ்ளோ தூரம் எழுதிட்டு பிரிச்சா வைப்பாங்க?"

பிழிந்த துணியை உதறினாள். நான் செய்தி எழுதுகிறவன். நடந்து முடிந்தவற்றைப் பற்றித்தான் எனக்கு ஏதாவது தெரியும்.

அந்த மாதங்களில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் மாலை நேரங்களில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஆட்கள் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பாவும் இரண்டு கூட்டங்களில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆனால் சாலைக்கு இறங்கியபோது கோபம் ஒரே பக்கமாகப் போகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அது ஊரின் ஓரத்தில் இருந்த காலனிப் பக்கமும் திரும்பியது. நான் எழுதி அனுப்பியவற்றில் "இரு பிரிவினரிடையே மோதல்" என்றுதான் இருக்கும். சாதியின் பெயரைப் போடக்கூடாது என்பது பத்திரிகையின் வழக்கம். தொடர்கதைக்கும் அதே வழக்கம். தெருவில் மட்டும் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய வாரம், மில் முதலாளியின் மகள் தன் அப்பாவின் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்தார். அத்தோடு 'தொடரும்'. அடியில் "அடுத்த இதழில் முடியும்" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

அப்பா கடையில் துள்ளினார். "சொல்லிட்டா! நம்ம பொண்ணு சொல்லிட்டா! வாங்கிக்கினு போங்க, ஜாஸ்தி இல்ல, பத்தே பிரதிதான் இருக்குது."

அடுத்த வியாழக்கிழமைக்கு முன்பே சாலை மறியல் ஆரம்பமாகிவிட்டது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ்ஸும் வரவில்லை. மலைக்கும் பஸ் கிடையாது. தங்கை வீட்டில் இருந்தாள். கம்பவுண்டர் மலையிலேயே இருந்தார். பஸ் நிலையம் ஒழித்துப்போட்ட வீடு மாதிரி கிடந்தது. அப்பா அப்போதும் காலையில் போய்க் கடையைத் திறந்தார். விற்க ஒன்றுமில்லை. இருந்தாலும் ஆட்கள் நடந்து வந்து கேட்டார்கள்.

"கட்டு வந்துதா?"

"வர்ல."

"சேந்தாங்களா இன்னான்னு தெரியலியே."

"சேருவாங்கப்பா. நான் சொல்றேன்."

தங்கை மதியச் சாப்பாட்டைக் கடைக்குத் தானே கொண்டுபோனாள். முன்பெல்லாம் நான் கொண்டுபோவதுதான் வழக்கம். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, அப்பா வருகிறவர்களிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பெட்டியின் மறுபுறம் நிற்பாள்.

நான் மறியலைப் பார்த்து எழுத விடியுமுன்பே சைக்கிளில் உளுந்தூர்பேட்டை வரை போனேன். சாய்ந்த மரம் வரும்போதெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும். சில இடங்களில் மறிப்பவர்கள் எங்கள் சொந்தக்காரர்களே. சைக்கிளைப் பிடித்து உதவினார்கள். "நல்லா எழுதுடா தம்பி" என்றார்கள். வழியில் ஓர் ஊருக்கு வெளியே, வயலைத் தாண்டி, ஓலைக் குடிசைகள் எரிந்து கிடந்தன. கரியான மூங்கில்கள் நின்றன. ஒரு பெண் சாம்பலுக்குள்ளிருந்து அம்மிக்கல்லைப் புரட்டிப் புரட்டி வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தாள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் என்ன கேட்டும் அவள் நிமிரவில்லை. என் செய்தியில் அது "சில குடிசைகள் தீக்கிரையாயின" என்று வந்தது.

உளுந்தூர்பேட்டையில் ஓட்டல்களின் முன்னால் லாரிகளும் பஸ்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. எங்கள் ஊர் பஸ்ஸைக் கண்டுபிடித்தேன். தெரிந்த கண்டக்டர்தான். பஸ் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்தார்.

"உங்க அப்பா கட்டு மேல பத்திரமா இருக்குது சார். கீழ எறக்கினா டீக்கடைக்காரன் போண்டா மடிச்சிடுவான்னு எறக்கவே இல்ல. ஏறி எடுத்துக்கோங்க."

கூரை மேல் ஏறிக் கட்டைப் பிரித்துக் கொஞ்சம் இதழ்களை எடுத்து சைக்கிள் கேரியரில் கட்டினேன். திரும்பும் வழியில் சாய்ந்து கிடந்த ஒரு புளியமரத்தில் உட்கார்ந்து, ஒரு பிரதியை உருவிக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கள்ளக்குறிச்சியில் அந்த முடிவு தெரிந்த முதல் ஆள் நான்தான்.

அவள் பையோடு ரயில் நிலையத்துக்குப் போகிறாள். ஓவிய ஆசிரியர் ஜன்னலோரம் காத்திருக்கிறார். அப்பாவின் நரைத்த தலை அவள் நினைவுக்கு வருகிறது. திரும்பி நடக்கிறாள். ரயில் போய்விடுகிறது. பிறகு மூன்று நட்சத்திரக் குறிகள். ஓராண்டு கழித்து வேறொரு வீட்டில் அவள் தொட்டிலை ஆட்டுகிறாள். சுவரில் ஒரு ஓவியம் தொங்குகிறது. அதன் கீழே அரைப் பக்கத்துக்குக் கூந்தல் தைல விளம்பரம்.

ஏறக்குறைய ஒரு வருடமாக நடந்துவந்தது இரண்டே பத்தியில் முடிந்திருந்தது. இரண்டாவது தடவை செய்தியைப் படிப்பதுபோலப் படித்தேன். ஒன்று விடுபட்டிருந்தது. போன வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி என்ன சொன்னார் என்பது எங்குமே இல்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எழுத்தாளர் அவரைப் பேசவே விடவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே பெண் போய்விட்டு, திரும்பியும் வந்துவிட்டாள்.

மீதி வழி முழுக்க அந்த இதழ்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கொடுக்காமல் இருக்க முடியாது. அப்பா பார்த்துவிடுவார், ஊர் பார்த்துவிடும். தங்கையிடம் முன்பே சொன்னாலும் முடிவு ஒன்றுதான். மரங்களைத் தாண்டித் தாண்டி வந்துசேர்ந்தேன்.

அப்பா கடையில் நின்றபடி படித்தார். தங்கை தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். படித்து முடித்தவர் பக்கத்தைத் திருப்பி, அடுத்த பக்கத்திலும் இருக்கிறதா என்று பார்த்தார். அங்கே சமையல் குறிப்பு இருந்தது.

"அவ்ளோதானா?" என்றார் என்னிடம்.

"அவ்ளோதாம்பா."

"இன்னாடா இது? அயோக்கியப்பய எழுத்தா இருக்குது?" நிஜமாகவே கோபம். கண் சிவந்திருந்தது. அன்று முழுக்க வந்தவர்களிடமெல்லாம், வாங்காதவர்களிடமும், முடிவைச் சொன்னார். அவர் முழுக்கதையையும் சொல்லி நான் கேட்டது அன்றுதான். "அந்த அப்பங்காரன் வாயத் தொறக்கவே இல்லப்பா! ஒரு வார்த்த, போயிட்டு வாம்மான்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சி போவும்? மில்லு இடிஞ்சி வுழுந்துடுமா?"

"உனுக்கு இன்னாண்ணே, உன் பொண்ணா அது?" என்று மெடிக்கல் ஷாப்காரர் கிண்டல் செய்தார்.

"என் பொண்ணா இருந்தா நான் சொல்லியிருப்பேன்யா."

அதைச் சொல்லும்போது தங்கை இரண்டடி தூரத்தில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பயமெல்லாம் போன முகமாக இருந்தது. அவள் எதிர்பார்த்திருந்த முடிவைவிட இந்த முடிவு அவளுக்கு நல்லதாகிவிட்டது. அவர்கள் சேர்ந்திருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார், அவ்வளவுதான். பிரித்துவிட்டதால்தான் இப்படிச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவள் எதிரில் வந்து நின்றாள். சுற்றிவளைக்கவில்லை. யார், என்ன வேலை, எந்த ஊர், காலனி என்பது வரை சொன்னாள்.

அப்பாவுக்கு முதலில் ஆள்தான் நினைவுக்கு வந்தார். "நம்ம கம்பவுண்டர் சாரா?" என்றார். கொஞ்சம் மலர்ந்துகூட இருந்தார். கடைசிச் சொல் பிறகுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அவர் பேசவில்லை. எங்கள் வீட்டு நடையில் ஜன்னல் இல்லை. சுவரில் அம்மா படம் இருந்தது. அதன் பக்கத்துக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அப்பா பேசவே இல்லன்னு இன்னிக்கெல்லாம் திட்டினியேப்பா" என்றாள் தங்கை. "நீ பேசு."

தெருவில் மறியலுக்குப் போய்த் திரும்பியவர்கள் உரக்கப் பேசிக்கொண்டு போனார்கள். எங்கள் வாசலில் ஒருவர் நின்று, "நாளைக்கு உங்க வூட்லேர்ந்து ஒரு ஆள் வரணும்" என்று குரல் கொடுத்துவிட்டு நடந்தார். அப்பா "ஆவட்டும், ஆவட்டும்" என்றார். அந்தக் குரல் தேயும்வரை காத்திருந்தார்.

"அது கதம்மா" என்றார்.

தங்கை நகரவில்லை.

"அந்த மில்லுக்காரன் சரின்னு சொன்னா கத முடிஞ்சிடும். நான் சரின்னா அதுக்கப்பறம் இருக்குதே? உன் பெரியப்பன் இருக்கறான், தெரு இருக்குது. கட எங்க இருக்குதுன்னு பாத்த இல்ல, ரோட்டு மேல. அதக்கூட வுடு. அந்தப் பையன் வூட்டுக்காரங்க எங்க இருக்காங்க? ஊருக்கு வெளிய இருக்காங்க. இந்த நேரத்துல..." வாக்கியத்தை முடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "நீ போயி பாத்துட்டு வந்தியேடா, சொல்லு."

தங்கையும் என்னைப் பார்த்தாள். "சொல்லுணா."

எரிந்த குடிசைகளையும் அம்மிக்கல்லையும் சொன்னேன். பார்த்தது அதுதான். சொல்லும்போதே அது அப்பாவின் பக்கம் போய்ச் சேர்வதை உணர்ந்தேன். பார்க்கவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லை.

அவள் அழவில்லை. "மதியம் ஒரு பேச்சு பேசினியேப்பா" என்றாள்.

"மதியம் அவளுக்குப் பேசினேம்மா."

அப்பாதான் அழுதார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல்.

சாலை திறந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் தங்கை மலைக்குப் போனாள். அரிசியும் சாமானும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கச்சிராயப்பாளையம் தாண்டி மலைவளைவுகளில் பஸ் ஏறும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பவுண்டரிடம் அவள் அன்று என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அதிகம் பேசியது அவர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் அம்மா மலைக்காரர், பக்கத்து ஊர். எழுதப்படிக்கத் தெரியாது. வாரவாரம் தங்கை தொடர்கதையை அவருக்குச் சொல்லிவந்திருக்கிறாள். தினை புடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா டீச்சர், உங்க கீழ்நாட்டுப் பொண்ணு இன்னா ஆனா? பொறப்பட்டுப் போனாளா?"

"போயிட்டுத் திரும்பி வந்துட்டா."

"எதுக்கு?"

"அப்பா பாவம்னு."

அவர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார். "வெளங்காத பொண்ணா இருக்குது. எங்கள்ல ரெண்டு பேர் போயிட்டா ஊர் கூடித் தண்டம் போடுவாங்க. குடுத்துட்டா வூட்டுக்கு வந்துடலாம். அந்த அப்பனே அப்பறம் சோறு ஆக்கிப் போடுவான். இதுக்கா இத்தன வாரம் கத சொன்ன?"

தங்கையும் சிரித்தாள். மறியலுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"பையன் வேற சாதியா இருந்தா?" என்று நான் கேட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "கீழ இருந்து வந்தவங்களோடயா? அதுக்குத் தண்டம் கெடையாது. ஊர வுட்டு எடுத்துடுவாங்க." முறத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு புடை புடைத்துவிட்டு, என்னை விட்டுத் தங்கையை மட்டும் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "ஏன் டீச்சர், நீ இன்னா பண்ணப் போற?"

தங்கை அரிசி மூட்டையை இழுத்து உள்ளே வைக்கப் போனாள்.

கம்பவுண்டர் மாற்றல் வாங்கிக்கொண்டார். மலையை விட்டு இறங்கிய நாளன்று பெட்டியோடு எங்கள் கடைக்கு வந்தார். வராமல் போயிருக்கலாம், பஸ் மாறும் இடம் நேர் எதிரில். அப்பா எழுந்து நின்றுவிட்டார். வழக்கமாக எழுவதில்லை. வழக்கமாக வாங்கும் இதழை அவர் கேட்குமுன்பே எடுத்து நீட்டினார். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதையே சொன்னார்.

"புதுத் தொடர் ஆரம்பிச்சிருக்குது சார்."

அவர் இதழை வாங்கி அட்டையைப் பார்த்தார். "முடிஞ்சதும் சொல்லுங்க, படிக்கிறேன்" என்றார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை. திருக்கோவிலூர் பஸ் வந்தது. பின்வாசல் வழியாக ஏறினார். அப்பா பஸ் திரும்பிப் போகும்வரை நின்றார்.

அடுத்த தையில் தங்கைக்கு மணலூர்பேட்டைப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆற்றை ஒட்டிக் கரும்பும் நெல்லும். நல்ல குடும்பம். மாப்பிள்ளை முரடர் இல்லை, குடிக்கமாட்டார். பெண் பார்க்க வந்தபோது அப்பா அவளிடம் "புடிச்சிருக்குதாம்மா?" என்று கேட்டார். கேட்காமல் விடவில்லை. அவள் "சரிப்பா" என்றாள்.

அந்தத் தொடர்கதையை அப்பா பைண்டிங்குக்குக் கொடுக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். கொடுத்தார். காலிக்கோ முதுகு, அட்டையில் அவர் கையெழுத்தில் கதையின் பெயர், எல்லாம் வழக்கம்போல. நான் ஒருநாள் செய்தி எழுதும் இடைவேளையில் எடுத்துப் புரட்டினேன். பெண் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், முதலாளி ஜன்னலைப் பார்க்கிறார். அடுத்து பின்னட்டை. அடியில் இருந்த "அடுத்த இதழில் முடியும்" என்ற கட்டத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

அந்தப் புத்தகம் மற்றவற்றைவிட அதிகமாக வெளியே போய்வந்தது. திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அப்பா ஒரே பதிலைச் சொன்னார். "கடசி வாரம் மறியல்பா. கட்டு வர்ல." அந்த வாரம் வராமல்போன எத்தனையோ இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள். முடிவை அவர் வாயிலிருந்தே கேட்டவர்கள்கூட மறந்துபோயிருந்தார்கள், அல்லது மறந்ததுபோல இருந்தார்கள். நான் கேரியரில் கட்டிக்கொண்டு வந்த இதழ்கள் என்னவாயின என்று நானும் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் தங்கை மணலூர்பேட்டையிலிருந்து குழந்தையோடு வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள். மலை வேலையைக் கல்யாணத்தோடு மாற்றிக்கொண்டு ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் இருந்தாள். ஒரு பெண் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். புதிதாகத் தாலுகா ஆபீசுக்கு வந்தவர்.

"கடைசியில ஒண்ணும் இல்லியே பெரியவரே. சேந்தாங்களா, இல்லியா?"

"கட்டு வர்லம்மா. அப்ப மறியல்."

அந்தப் பெண் விடுவதாக இல்லை. தங்கையைப் பார்த்தார். "நீங்க டீச்சர்தானே? நீங்களாவது எங்கியாவது படிச்சிருப்பீங்களே?"

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. தங்கை மடியில் இருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"இல்லீங்கக்கா" என்றாள். "அந்த வாரம் நான் மலையில இருந்தேன். பஸ் இல்ல."

அந்தப் பெண் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். அப்பா பலகையில் இருந்த இதழ்களை எடுத்து ஒழுங்காக அடுக்கினார். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.